எங்கள் கம்பெனிப் பெயரைச் சீனாவில் யாரோ பதிகிறார்களாம், ஏழு நாள் கெடு. என்ன செய்வது?

கரூர்_தறி | செவ்வாய், காலை 10:42

வணக்கம். கரூரில் மேசைவிரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு தைத்து ஏற்றுமதி செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். 2014இலிருந்து எங்கள் பெயரில் ஒரு டாட் காம் இருக்கிறது. பையர் (சரக்கு வாங்குகிறவர்) மெயில், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான்.

நேற்று ஷாங்காயிலிருந்து ஒரு மெயில். ஏதோ டொமைன் (இணையதளப் பெயர்) பதிவு நிறுவனமாம். "மிக அவசரம், உங்கள் தலைமை அதிகாரிக்கு அனுப்பவும்" என்றுதான் ஆரம்பமே. வேறொரு கம்பெனி எங்கள் பெயரைச் சீனாவின் டாட் சிஎன், ஹாங்காங்கின் டாட் ஹெச்கே, ஆசியாவுக்கான டாட் ஏசியா மூன்றிலும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறதாம். அவர்கள் உங்கள் ஏஜென்டா, இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் அவர்களுக்கே கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். இன்று காலை அந்த 'வேறொரு கம்பெனி'யே எழுதிவிட்டது: நாங்கள் பின்வாங்கப் போவதில்லை என்று.

அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "பேர் போனா என்னடா மிச்சம், காசைக் கட்டு" என்கிறார். கட்டலாமா?

---

குட்டி_டெவ் | செவ்வாய், 10:58

வாங்கிப் போட்டுடுங்க ப்ரோ. ஒரு டொமைன் என்ன, ஆயிரம் ரெண்டாயிரம்தானே. நிம்மதி முக்கியம்.

---

பின்னலாடை_அக்கா | செவ்வாய், 11:20

வேண்டாம் தம்பி. இதே மெயில், ஏறக்குறைய இதே வரிகள், 2019இல் எனக்கு வந்தது. திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு செய்கிறோம்.

நான் பதில் போட்டேன், அதுதான் தப்பு. 'அவர்கள் எங்கள் ஏஜென்ட் இல்லை' என்று ஒரே வரி. அரை மணியில் ரொம்ப மரியாதையாக ஒரு பதில் வந்தது: பெயரின் மூல உரிமையாளர் என்பதால் உங்களுக்கே முதல் வாய்ப்புத் தருகிறோம், ஆனால் குறைந்தது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துத்தான் பதிய முடியும் என்று. கணக்குப் போட்டால் வெளியே விற்கிற விலையைப் போல மூன்று மடங்கு. ஆடிட்டர் தடுத்ததால் கட்டவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் நினைவூட்டல் மேல் நினைவூட்டல்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பெயரில் டாட் சிஎன் இருக்கிறதா என்று இரண்டு வருடம் கழித்துத் தேடிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. 'உறுதியாக இருக்கிறோம்' என்று எழுதிய அந்தக் கம்பெனி எங்கே போனதோ!

---

பழைய_சர்வர் | செவ்வாய், மதியம் 1:05

அக்கா சொன்னதுதான் சரி. டொமைன் வேலையிலேயே இருக்கிறவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

டொமைன் என்பது முதலில் கேட்டவருக்குக் கிடைப்பது. டாட் காம், டாட் சிஎன் எதுவானாலும் இதுதான் வழக்கம். காசோடு வந்த வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு, கரூரில் இதே பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடி மெயில் போடுகிற வேலை எந்தப் பதிவாளருக்கும் இல்லை. டிரேட்மார்க் சரிபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு இல்லை. மிட்டாய்க்கடைக்காரர் கால் கிலோ அல்வா கேட்டவரை நிறுத்திவிட்டு, 'இதை வேறு யாராவது வாங்க நினைத்தீர்களா' என்று தெருவில் கேட்டுக்கொண்டு போவாரா? மெயில் அனுப்பிய 'பதிவாளரும்' எதிரி மாதிரி எழுதுகிற 'வேறொரு கம்பெனி'யும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் போடாதீர்கள். 'வேண்டாம்' என்றும் போடாதீர்கள். போட்டால் அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

குட்டி_டெவ் தம்பி, இன்றைக்கு மூன்று வாங்கினால் நாளைக்கு டாட் டிடபிள்யூ, டாட் நெட் டாட் சிஎன் என்று அடுத்த மெயில் வரும். டொமைன் வால்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, எதை எதை வாங்குவது? கரூர் தம்பி சீனாவில் விற்கவோ அங்கே சரக்குச் செய்யவோ போகிறார் என்றால் அது வேறு பேச்சு. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது அங்கே டிரேட்மார்க் விண்ணப்பம்தான். டாட் காமோடு டாட் இன் மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

கரூர் தம்பிக்கு ஒரு கேள்வி. சீனாவை விடுங்கள், உங்கள் டாட் காம் இப்போது யார் கணக்கில் இருக்கிறது? எந்தப் பதிவாளர், உள்நுழைகிற மெயில் எது, முடிகிற தேதி என்ன? டொமைன்களை மேற்பார்க்கிற ஐகான் அமைப்பின் லுக்அப் டாட் ஐகான் டாட் ஆர்க் போய்ப் பெயரைப் போட்டால் பதிவாளரும் தேதியும் தெரியும். உரிமையாளர் பெயர் 2018இலிருந்து பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டும்.

---

கரூர்_தறி | செவ்வாய், 3:31

சார், இப்போது வயிறு கலங்குகிறது. தேதி முடிய இன்னும் 16 நாள்தான் இருக்கிறது. பதிவாளர் பெயர் தெரிந்தது, ஆனால் எங்களிடம் லாகின் இல்லை. 2014இல் தளம் செய்து கொடுத்த பையன் அவனுடைய ஜிமெயிலில் வாங்கியிருக்கிறான். வருடா வருடம் அவனுக்கு ஜிபேயில் பணம் போடுவோம், அவன் புதுப்பிப்பான். போன வருடம் அவன் கேட்கவில்லை, நாங்களும் மறந்துவிட்டோம், அதற்கு முன் ஒரு தடவை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்ததால் ஓடியிருக்கிறது. இப்போது அவன் துபாயில் இருக்கிறானாம். பழைய எண் வேலை செய்யவில்லை.

---

பழைய_சர்வர் | செவ்வாய், 3:50

இதைத்தான் பயந்தேன்.

தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒன்றும், ஒரு வாரம் இருக்கும்போது ஒன்றும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகான் விதி. முதல் மெயில் இதற்குள் போயிருக்கும். உங்களுக்கு அல்ல, அந்த ஜிமெயிலுக்கு.

முடிந்த அன்றே பெயர் பறிபோய்விடாது. டாட் காமுக்குப் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை உண்டு, அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் மாதிரி பெரிய தொகை கேட்பார்கள். கடைசியாக 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்குப் போய்விடும். ஆனால் சிக்கல் அதற்கு முன்னாலேயே வரும். தளத்தோடு மெயிலும் நின்றுவிடும், பையருக்கு நீங்கள் கடையைச் சாத்தியது போல இருக்கும்.

அந்தப் பையனைப் பிடியுங்கள். கோபமாகப் பேச வேண்டாம், அவன் ஏமாற்றவில்லை, பாதிப் பேர் இப்படித்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதே பதிவாளரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவன் கணக்கிலிருந்து அதற்கு டொமைனை 'புஷ்' பண்ண, அதாவது மாற்றிவிடச் சொல்லுங்கள். வேறு பதிவாளருக்கு மாற்றும் யோசனை இப்போது வேண்டாம், உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாள் பூட்டு விழ வாய்ப்பு உண்டு. கைக்கு வந்ததும் புதுப்பியுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்புப் போடுங்கள், வேறு பதிவாளருக்கு யாரும் மாற்றிவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் பூட்டு இருக்கிறதா பாருங்கள். கணக்கின் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் ஓடிபியும் வராது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

---

மஞ்சள்_மண்டி | செவ்வாய், இரவு 8:14

ஈரோடு. நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் கணக்குப்பிள்ளை 'டொமைன் நோட்டீஸ், கடைசி அறிவிப்பு' என்று வந்த மெயிலுக்கு ஆறாயிரம் கட்டிவிட்டார். பொடி எழுத்தில் படித்தால் அது புதுப்பிப்பே இல்லை, 'தேடுபொறியில் சேர்க்கும் சேவை'யாம். டொமைன் பெயரும் முடிகிற தேதியும் மிகச் சரியாகப் போட்டிருந்தான், அதில்தான் நம்பிவிட்டார்.

---

பழைய_சர்வர் | செவ்வாய், 8:40

தேதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, மதியம் தம்பி பார்த்த மாதிரி. பழைய தந்திரம் இது. புதுப்பிப்பு பில் போலவே தபாலில் கடிதம் அனுப்பிய ஒரு நிறுவனத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2003இலேயே நடவடிக்கை எடுத்தது. பில் வந்தால் அதிலிருக்கும் இணைப்பைத் தொடாமல், நேராகப் பதிவாளர் தளத்துக்குப் போய் லாகின் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பாக்கி காட்டவில்லை என்றால் பாக்கி இல்லை.

---

பின்னலாடை_அக்கா | செவ்வாய், 9:02

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து யூனிட்டில் உண்மையாகவே பணம் போனது வேறு வழியில். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' மாதிரியே தெரியும். அப்படி ஒரு டொமைன் வாங்கி, பையருக்கு அவர்கள் எழுதுவது போலவே 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் போயிருக்கிறது. பையர் பணத்தை அனுப்பிவிட்டு இவர்களிடம் சரக்குக் கேட்கிறார்! அதிலிருந்து எங்கள் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஒரு வரி இருக்கும்: கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் கேட்காமல் அனுப்ப வேண்டாம். யாருக்காவது இப்படிப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மணிக்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு.

---

மார்க்_வக்கீல் | புதன், காலை 9:25

டொமைன் வைத்திருப்பதும் பெயருக்கு உரிமை வைத்திருப்பதும் ஒன்றல்ல. டிரேட்மார்க் இருக்கிறதா? அதில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், மேசைவிரிப்பு, திரைச்சீலைக்கு வகுப்பு 24. சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருந்தால் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், அது இல்லாத கம்பெனிக்குப் பொதுவாக 9,000. பதிவானால் 10 வருடம்.

பதிவு இல்லாமலும் நீதிமன்றம் காப்பாற்றியது உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி வழக்கில், டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, டிரேட்மார்க் போலவே பாதுகாப்புக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. அங்கேயும் யார் முன்னாலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் பேச்சு. துபாய்ப் பையன் தர மறுத்தால் கடைசி வழியாக யூடிஆர்பி என்கிற டொமைன் தகராறு நடுவர் முறை இருக்கிறது. ஆனால் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவருக்கே 1,500 டாலர் கட்டணம். பேசி முடிப்பதே மலிவு.

விண்ணப்பம் போட்ட பிறகு வெளிநாட்டு முத்திரையோடு 'பதிவேட்டில் வெளியிடக் கட்டணம்' என்று கடிதம் வரலாம். விண்ணப்ப விவரம் பொதுவில் இருப்பதால் வருகிற ஏமாற்றுக் கடிதம் அது. குப்பையில் போடுங்கள்.

---

கரூர்_தறி | வெள்ளி, இரவு 11:48

கிடைத்துவிட்டது! பையனின் மாமனார் கரூர் பக்கம் வாங்கல் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார், அவர் மூலம் எண் கிடைத்தது. "அண்ணா, நானே மறந்துட்டேன்" என்று அவன்தான் பதறினான். இன்று இரவு போனில் வைத்துக்கொண்டே புஷ் பண்ணினான். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், பூட்டும் இருக்கிறது. ஷாங்காயிலிருந்து மூன்றாவது மெயில் வந்தது, திறக்கக்கூட இல்லை.

வக்கீல் சார், டிரேட்மார்க் தளத்தில் தேடினேன். பானிப்பட்டில் ஒருவர் ஏறக்குறைய எங்கள் பெயரை, ஓர் எழுத்து மட்டும் மாற்றி, வகுப்பு 24இல் 2021இல் விண்ணப்பித்திருக்கிறார். போன மாதம்தான் டிரேட்மார்க் அலுவலக ஜர்னலில் வந்திருக்கிறது.

---

மார்க்_வக்கீல் | சனி, காலை 7:10

ஜர்னலில் வந்த தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும், மூன்று மாதம் கையில் இருக்கிறது. டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு முன்னாலிருந்து பயன்படுத்துகிறவரைக் காக்கும். பானிப்பட்டுக்காரருக்கு முந்திய பில், ஷிப்பிங் பில், லேபிள், பையர் மெயில் எது இருந்தாலும் எடுங்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

---

கரூர்_தறி | சனி, 7:32

முதல் ஏற்றுமதி பில் 2009இல் போட்டது என்று அப்பா சொல்கிறார். இப்போது பரண் மேல் ஏறியிருக்கிறார், தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.