எல் கெரூஜ் தான் 1500-ல பெஸ்ட்டா? ரெண்டு ஒலிம்பிக்ல கோட்ட விட்டவராச்சே

டிராக்பைத்தியம்:
ஹிஷாம் எல் கெரூஜ் பத்தி ஒரு சந்தேகம். மொராக்கோக்காரர், 1998-ல ரோம்ல 1500 மீட்டர் 3:26.00, அடுத்த வருஷம் அதே ரோம்ல மைல் (சுமார் 1609 மீட்டர்) 3:43.13, கால் நூற்றாண்டு தாண்டியும் ரெண்டையும் யாராலயும் தொட முடியல. உலக சாம்பியன்ஷிப்ல 97, 99, 2001, 2003னு வரிசையா நாலு தங்கம் வேற. ஆனா 96-லயும் 2000-லயும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்கல. ரெக்கார்டு ஓட்டத்துல பேஸ்மேக்கர் (முன்னாடி ஓடி வேகம் புடிச்சு குடுக்கற ஆளு) இழுத்து விட்டாங்க, ஒலிம்பிக்ல அது இல்ல, அதான் மாட்டிக்கிட்டாருன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் அடிச்சு சொல்றான். உண்மையா?

கடைசி_லேப்:
96 அட்லாண்டாவ இந்த கணக்குல சேர்க்காதீங்க. கடைசி லேப் ஆரம்பிக்கற நேரத்துல முன்னாடி போன அல்ஜீரியாவோட மோர்செலி கால்ல தட்டி விழுந்துட்டாரு, எந்திரிச்சு ஓடி 12வது, அதாவது கடைசி. வயசு 21 தான். அதுக்கப்புறம் சில வாரத்துலயே மிலான்ல அதே மோர்செலிய ஜெயிச்சாரு, 92-க்கு அப்புறம் அதுவரைக்கும் 1500-ல தோல்வியே பாக்காத மனுஷன் மோர்செலி.

2000 சிட்னி தான் பேச வேண்டிய ரேஸ். ஜெயிச்ச கென்யாவோட நோவா என்கெனி யாருன்னு நினைக்கறீங்க, 98 ரோம் ரெக்கார்டுக்கு பேஸ்மேக்கரா இழுத்து விட்டவரே அவர்தான்! மைல் ரெக்கார்டு அன்னிக்கும் முதுகுலயே ஒட்டிக்கிட்டு 3:43.40-ல வந்தவரு. கெரூஜ் ஸ்டைல் என்னன்னா ரொம்ப தூரத்துல இருந்தே வேகத்த ஏத்தி மத்தவங்க கால காலி பண்றது, ஆனா பின்னாடி விடாம ஒட்டி வர்ற ஆளுக்கு காத்த கிழிக்கற வேல மிச்சம், அத சரியா பயன்படுத்தி என்கெனி கடைசி நேர்ல (ஃபினிஷுக்கு முன்னாடி வர்ற நேர் பாதையில) தாண்டிட்டாரு. 3:32.07க்கு 3:32.32. கால் செகண்டு!

ஸ்பைக்ஸ்:
பேஸ்மேக்கர் இல்லன்னா ஓட வராதுன்னா அந்த நாலு உலக தங்கம் எங்க இருந்து வந்துச்சாம்? அங்கயும் பேஸ்மேக்கர் கிடையாது (கூட ஓடற நாட்டுக்காரன் முன்னாடி இழுத்து குடுக்கறது உண்டு, அது வேற கத). இருந்தாலும் என் ஓட்டு பிரிட்டனோட செபாஸ்டியன் கோவுக்கு தான். 80, 84 ரெண்டு ஒலிம்பிக்லயும் 1500 தங்கம், 800-ல 1981-ல போட்ட 1:41.73 பதினாறு வருஷம் நின்னுச்சு.

டிராக்பைத்தியம்:
கோ உலக சாம்பியன்ஷிப் தங்கம் ஒண்ணு கூட எடுக்கலயே. அப்புறம் ஏதென்ஸ் பத்தி யாரும் வாய தொறக்கலயே?

கடைசி_லேப்:
வந்துட்டேன் வந்துட்டேன். 2004, ஏதென்ஸுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் ஜூரிச்ல கென்யாவுக்கு ஓடுன பெர்னார்ட் லகாட் கிட்ட கெரூஜ் தோத்திருந்தாரு, முடிஞ்சு போன ஆளுன்னே பேசிக்கிட்டாங்க. ஃபைனல்ல கடைசி நேர்ல லகாட் தாண்டியே போயிட்டாரு, சிட்னி மாதிரியே ஆகப்போகுதுன்னு பாத்தா மனுஷன் விடல, திரும்ப முன்னாடி வந்து 0.12 செகண்டுல தங்கம். நாலு நாள் கழிச்சு 5000 மீட்டர்ல எத்தியோப்பியாவோட பெக்கெலேவ கடைசி நேர்ல புடிச்சு இன்னொன்னு, ரெண்டையும் ஒரே ஒலிம்பிக்ல ஜெயிச்சது அதுக்கு முன்னாடி 1924-ல பின்லாந்தோட பாவோ நூர்மி தான். அந்த 5000-ல மூணாவது வந்த பையன், பின்னாடி மாரத்தான்ல பேர் வாங்குன எலியுட் கிப்சோகே!

ஸ்பைக்ஸ்:
அந்த 5000-ல பெக்கெலே மேலயும் தப்பு இருக்கு. அதே வருஷம் 12:37.35 உலக ரெக்கார்டு போட்டவரு, பாதியிலயே வேகத்த ஏத்தியிருக்கணும், 13:14-ல முடியற ரேஸா விட்டா கடைசி 50 மீட்டர்ல மைல் ஓட்டக்காரன் கிட்ட மாட்டத்தான் செய்வாரு. கோ விஷயத்துல மட்டும் நான் மாறல.