காலையில் ஒரு கிண்ணம் பழம்: அது சாப்பாடா, துணைக்கு வருவதா?

பப்பாளிப்பித்தன்:
பழம் வாங்குவேன், அழுகும், தூக்கிப் போடுவேன். பல வருடம் இப்படித்தான் போனது. மூன்று மாதமாகக் காலைச் சாப்பாடே பழம்தான் என்று வைத்துக்கொண்டேன். பப்பாளி, அன்னாசி, கொய்யா, அரை வாழைப்பழம். மேலே எலுமிச்சை பிழிந்து கொஞ்சம் தேங்காய்த் துருவல். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. எனக்கு அதில் 300 கிராம் காலை எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. எல்லோரும் இதற்கு மாறிவிடலாம் என்பது என் கட்சி.

முட்டைக்கட்சி:
தாராளமாக மாறலாம், பத்தரை மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடத் தயாராக இருந்தால்! உங்கள் கிண்ணம் முழுக்கத் தேடினாலும் புரதம் நாலு கிராம் தேறுவதே பெரிது. ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் இருக்கிறது. அப்புறம் சர்க்கரை. பப்பாளி இருந்த இடத்துக்கு மாம்பழம் வந்தால் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம்.

பப்பாளிப்பித்தன்:
சர்க்கரைப் பூச்சாண்டி வேண்டாமே. குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் பழச்சாறும் வருகின்றன, முழுப் பழம் வருவதில்லை. பப்பாளியில் சர்க்கரை 8 கிராம் அளவுதான். கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராம் நார்ச்சத்து, வைட்டமின் சி ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. பசி விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் பதினொரு மணிக்கெல்லாம் வயிறு கூப்பிட்டது.

அரைத்தூக்கம்:
காலையில் உட்கார்ந்து அன்னாசி சீவ யாருக்கு நேரம்? எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறேன். அதுவும் பழம்தானே?

முட்டைக்கட்சி:
பழம்தான். வடிகட்டாத வரை நார்ச்சத்தும் அதிலேயே இருக்கும். ஆனால் மெல்லுவதற்குப் பத்து நிமிடம் ஆகிற பழம் ஒரே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தம்ளர் காலி, அடுத்த தம்ளருக்குக் கை நீளும்.

குளிர்பெட்டி:
நேரம்தான் பிரச்சினை என்றால் இரவே வெட்டி மூடி வையுங்கள். வெட்டி வைத்த பழம் வீட்டில் யார் கண்ணிலும் தப்பாது, முழுப் பப்பாளி ஒரு வாரம் அப்படியே கிடக்கும். வாழைப்பழத்தை மட்டும் காலையில் நறுக்குங்கள், கறுத்துவிடும். நான் ஒரு முறை அன்னாசியை இரவே தயிரில் கலந்து வைத்துவிட்டுக் காலையில் வாயில் வைத்தேன், ஒரே கசப்பு! அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை அறுத்துவிடுகிறது. பப்பாளியில் பப்பைன், அதே வேலை. தயிரைச் சாப்பிடும் நேரத்தில் ஊற்றினால் தொல்லை இல்லை. டின் அன்னாசி கசக்காது, சூட்டில் அந்த நொதி செத்துப் போயிருக்கும்.

நிழல்மரம்:
“எல்லோரும்” என்ற சொல்லுக்காக வந்தேன். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியம் ஏறுகிறது என்று வாழைப்பழத்துக்கே அளவு வைத்திருக்கிறார் மருத்துவர். நட்சத்திரப் பழம் பக்கமே போகக் கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளை வரை பாதிக்கும். உங்கள் கிண்ணத்தைப் பார்த்து யாராவது அவருக்கும் வெட்டிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

பப்பாளிப்பித்தன்:
நியாயம். “எல்லோரும்” என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தயிரும் ஒரு பிடி வேர்க்கடலையும் நாளை முதல் சேர்கின்றன. கொழுப்பு கொஞ்சம் இருந்தால்தான் பப்பாளியின் கரோட்டீன் உடம்பில் சேரும் என்பதால் தேங்காய்த் துருவல் நீடிக்கும். முட்டை மட்டும் இந்தக் கிண்ணத்தில் விழாது.

முட்டைக்கட்சி:
கிண்ணத்தில் யார் போடச் சொன்னது? பக்கத்தில் ஒரு தட்டு வையுங்கள், சார்.