சிலிண்டர் ஹெட்டுக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

யாங்கோன், கையேட்டுக் குழு:

மியன்மாரின் மற்ற ஊர்களிலுள்ள அன்புடையீர், வணக்கம். பழைய எஞ்சின் பழுதுபார்க்கும் கையேட்டின் மூன்றாம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது ஞாயிறு வகுப்புக்கு வரும் பட்டறைப் பிள்ளைகள். சிலிண்டர்களின் மேல் போல்டால் பூட்டும் ஹெட் என்ற பாகத்தில் சிக்கிய இடம் இது:

"ஹெட்டைக் கழற்றுமுன் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சுற்றுச் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துக. சூட்டோடு கழற்றினாலும், ஒரு பக்கத்தை முழுக்கத் தளர்த்திவிட்டு மறுபக்கம் போனாலும் ஹெட் வளைந்துவிடும்."

பாடம் முழுக்க இந்த 'ஹெட்' வருகிறது. 'உருளைத்தலை' என்று போடலாமா?

மோல்மேன்:

உருளைத்தலை வேண்டாம் ஐயா. உருளை என்பதை ரோலருக்கும் வைத்திருக்கிறோம். பேரிங் பாடத்தில் 'உருளை' உருளும், மூன்றாம் பாடத்தில் சிலிண்டராகி அசையாமல் நிற்கும். பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள்? தலையிலும் சிக்கல். ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் அடுக்கும் சொற்களில் 'தலை'யும் ஒன்று. இலக்கணம் படித்தவர் காதில் 'உருளைத்தலை' என்பது 'உருளையிடத்து' என்றும் விழும்.

என் முன்மொழிவு 'மண்டை'. சங்கப் பாட்டில் மண்டை என்பது இரவலர் ஏந்திய உண்கலம். மண்டை ஓட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே கலம்போல் குழிந்திருப்பதால்தான் என்பது என் துணிபு. ஹெட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சிலிண்டருக்கு ஒன்றாக எரிகுழிகள். வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தி முடித்ததும் ஹெட்டைப் புரட்டி, வால்வுகளை மாட்டி, அந்தக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றித்தானே கசிவு பார்க்கிறோம்? அப்போது அது அசல் மண்டைதான்.

யாங்கோன், பட்டறை ஆசிரியர்:

மோல்மேன் ஐயா சொல்லும் மண்ணெண்ணெய்ச் சோதனை சரி. பாடத்தில் அதைச் சேர்க்கவேண்டும். ஆனால் "மண்டையில் விரிசல்" என்று எழுதினால் முதலில் தோன்றுவது மனிதத் தலை. பையன் நாளைக்குப் பாகக் கடையில் போய் நின்று ஹெட் என்றுதான் கேட்கப்போகிறான். புத்தகத்தில் ஒன்று, கடையில் ஒன்று என்றால் புத்தகத்தை மூடிவிடுவான்.

சொல்லைவிட அளவில் எனக்கு அக்கறை அதிகம். வரைவில் "வளைவு இருந்தால் சீவுக", அதாவது தளத்தைச் சீவிச் சமமாக்குக, என்று மட்டும் இருக்கிறது. நேர்ச்சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விடவேண்டும். 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே அந்த எஞ்சினைச் செய்தவரின் கையேட்டைப் புரட்டவேண்டும். எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சீவினால் எரிகுழி சுருங்கி அழுத்தம் ஏறும். டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கவும் கூடும். ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்தளத்தையும் இதேபோல் பார்க்கவேண்டும். ஹெட்டை மட்டும் சீவி மாட்டினால் நடுவே வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடான புதுக் கேஸ்கட்டும் ஊதிப்போகும்.

மண்டலே:

மூடி என்றே சொல்லிவிடலாம் என்று சிலர் தனியாக எழுதினார்கள். எந்த எஞ்சினுக்கு என்று கேட்கிறேன். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் வால்வுகள் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். ஹெட்டில் ஸ்பார்க் பிளக் துளையும் நீர்வழியும் எரிகுழியும்தான். அது மூடிதான். அதே போரில் வந்து, பிறகு யாங்கோனில் பஸ்ஸாக ஓடிய செவ்ரொலே லாரியில் அப்படியில்லை. வால்வு, அதன் தண்டு ஓடும் கைடு, அது அமரும் சீட், ஸ்பிரிங், அதை அழுத்தும் ராக்கர் எல்லாம் ஹெட்டின் மேல். தேய்வதும் அங்கேதான்: கைடு தேய்ந்தால் எண்ணெய் இறங்கி நீலப்புகை, சீட் உள்வாங்கினால் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளி குறைந்து வால்வு கருகும், இரண்டு சீட்டுக்கு நடுவே உள்ள குறுகிய பாலத்தில் விரிசல். இத்தனையும் தாங்குவதை மூடி என்றால் குறைத்துச் சொல்வதாகும். ஜீப்புக்கு மண்ணெண்ணெய்ச் சோதனை பொருந்தாது என்பதையும் குறியுங்கள்.

'முகடு' எப்படி? கூரையின் உச்சி, கீழே இடம் விட்டு மேலே தாங்குவது. உருளைமுகடு.

மோல்மேன்:

முகடு கூர்மையாக எழுவது. ஹெட்டின் முழு மதிப்பும் அதன் தட்டைத் தளத்தில் இருக்கிறது. ஏற்க இயலாது.

வால்வு என்றும் அப்படியே விடவேண்டாம். 'ஓரதர்' இருக்கிறது: ஓர் அதர், ஒருவழி. பிடிக்காவிட்டால் கவாடம். இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தின் பெயரிலேயே கதவு இருக்கிறது. கபாடம் வடசொல் என்பார்கள். கதவம், கதவு என்ற வரிசையை வைத்துப் பார்த்தால் வேர் இங்கேதான் என்று...

தட்டோன், வகுப்பு ஆசிரியை:

ஐயா, பொறுத்தருளுங்கள். கபாடபுரத்தை வெள்ளிக்குப் பிறகு பார்ப்போம்.

'ஹெட்' அப்படியே நிற்கட்டும் என்பவர்களுக்கு ஒன்று. கிரந்த எழுத்தை நீக்கி எழுதும் வகுப்பு எங்களுடையது. ஹகரம் போனால் 'எட்டு' ஆகிறது. "எட்டைக் கழற்றி எட்டு போல்டையும் துடைக்கவும்" என்று எந்தப் பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பேன்? தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும். உருளைத்தலை கேட்டவுடன் பிடிபடுகிறது. ரோலருக்கு 'உருளி' வைத்தால் மோதலும் தீரும்.

யாங்கோன், பட்டறை ஆசிரியர்:

உருளிக்குச் சம்மதம். பூட்டும் பகுதியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, சேருங்கள்: போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தங்கக் கூடாது. அடிமூடிய துளையில் திரவம் இருந்தால் போல்ட் அதன்மேல் உட்கார்ந்துவிடும். முறுக்கை அளக்கும் டார்க் ஸ்பானர் சரியென்று காட்டும், கேஸ்கட் நசுங்கியிருக்காது, பிளாக்கே பிளக்கவும் கூடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முறுக்கவேண்டும். பழைய வகைக் கேஸ்கட்டுக்கு எஞ்சினை ஓட்டி, எஞ்சினைச் செய்தவரின் கையேடு சொல்லும் நிலையில் மறுமுறுக்கு.

யாங்கோன், கையேட்டுக் குழு:

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் உருளைத்தலை. பாடத்தில் முதல்முறை 'உருளைத்தலை என்னும் ஹெட்', பிறகு உருளைத்தலை. வால்வு வால்வாகவே போகிறது. விரிசல் பத்தியில் மண்டலே அண்ணன் சொன்ன பாலத்தைச் சேர்த்துவிட்டோம்.

மோல்மேன்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். சொல்லடைவில் மண்டைக்கும் ஒரு வரி கொடுங்கள். ஓரதரை நான் விடவில்லை, நான்காம் பாடம் வரட்டும்.