அவசர உதவி: மழையில முன் லைட் எரியுது, பின் லைட் எரியல. சென்சார் போச்சா?

செராஸ்_77
பாஸ், அவசரம். கோலாலம்பூர்லேர்ந்து கிழக்கே போற காராக் ஹைவே மலை ஏத்தத்துல பகல்லயே மழை, பனிமூட்டம். லைட் ஆட்டோவுலதான் இருக்கு. முன்னால வெள்ளையா எரியுது, மீட்டரும் பளிச்சுன்னு இருக்கு. பின்னால வந்த லோரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நிறுத்திப் பார்த்தா பின்னால சிவப்பே இல்ல. ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டா ஆட்டோ லைட் சென்சார் மாத்தணும், 380 வெள்ளி (ரிங்கிட்)ங்கறாங்க. மாத்திடவா? சாயந்தரம் இதே வழியில திரும்பி வரணும்.

ஒயர்மேன்_பட்டர்வொர்த்
என்ன கார், எந்த வருஷம்? பிரேக் மிதிச்சா பின்னால எரியுதா? ராத்திரியில பின் லைட் எரியுதா? லைட் குமிழை ஆட்டோவுலேர்ந்து கையால திருப்பிப் பார்த்தீங்களா? இந்த நாலும் தெரியாம யாராலும் பதில் சொல்ல முடியாது.

பழைய_வீரா
எர்த் ஒயர் போயிருக்கும். பின் லைட் சாக்கெட்டுல தண்ணி இறங்கி பச்சை பிடிச்சிருக்கும். சாண்ட்பேப்பர் வச்சுத் தேய்ங்க, சரியாயிடும்.

கிள்ளான்_கேபிள்
ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா எர்த் போகும்? பியூஸ் பாருங்க முதல்ல.

அம்பாங்_ஆசான்
கார் வாங்கும்போது ஒரு தடிமனான புத்தகம் கொடுத்திருப்பாங்களே, அதைப் பிரிச்சே பார்த்திருக்க மாட்டீங்க. அது டிஆர்எல், பகல்ல எரியற லைட். ஹெட்லைட் இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்விதான் வருது.

செராஸ்_77
2023 மாடல், செடான். பேரைச் சொன்னா இங்க பிராண்ட் சண்டை வந்துடும். பிரேக் எரியுது. ராத்திரியில எல்லாமே எரியுது. கையால திருப்பல, ஆட்டோதானே இருக்கு?

ஒயர்மேன்_பட்டர்வொர்த்
ராத்திரியில எரியுதுன்னா பல்பு, பியூஸ், எர்த் மூணும் நல்லா இருக்கு. எதையும் மாத்தாதீங்க. ஆசான் சொன்னது சரிதான், சொன்ன விதத்தை விடுங்க.

முன்னால நீங்க பார்த்த வெள்ளை, டிஆர்எல். எஞ்சின் ஓடினா தானா எரியும். பெரும்பாலான கார்கள்ல அது முன்னால மட்டும்தான், பின்னால ஒரு பல்பைக்கூட எழுப்பாது. எதிர்ல வர்றவன் உங்களைப் பார்க்கத்தான் அது. உங்களுக்கு ரோட்டைக் காட்ட இல்ல.

ஆட்டோ சென்சார் அளக்கறது வெளிச்சத்தை மட்டும்தான். எவ்வளவு தூரம் தெரியுதுன்னு அதுக்குத் தெரியாது. பகல் பனிமூட்டம் வெள்ளையா, பிரகாசமா இருக்கும். அதனால அது ‘பகல்தானே’ன்னு சும்மா இருக்கும். புகைமூட்டக் காலத்துலயும் இதே கதைதான், ஐபியு (காத்து மாசுக் குறியீடு) 200 தாண்டினாலும் மத்தியானத்துல லைட் வராது. முந்தி லைட் போடலைன்னா மீட்டர் இருட்டா இருக்கும், ஓட்டறவருக்கே உறைக்கும். இப்போ டிஜிட்டல் மீட்டர் எப்பவும் எரியறதால அந்த ஞாபகமூட்டலும் போச்சு.

சென்சாரைச் சோதிக்க 380 வெள்ளி வேணாம். எஞ்சினை ஓட விட்டு, லைட் குமிழை ஆட்டோவுல வச்சு, டேஷ்போர்டு மேல முன் கண்ணாடி ஓரமா கறுப்பா, சின்னதா மேடா இருக்கற சென்சாரைக் கறுப்புத் துணியால மூடுங்க. சில காருக்கு அது நடுக்கண்ணாடிக்குப் பின்னால இருக்கும். கொஞ்ச நேரத்துல ஹெட்லைட் வந்தா சென்சார் உயிரோடதான் இருக்கு.

சாயந்தரம் மழை வந்தா குமிழை ஆட்டோவுலேர்ந்து ரெண்டு கட்டம் தள்ளுங்க. முதல் கட்டம் சின்ன லைட். பின் சிவப்பு அதுலயே வந்துடும், ஆனா முன்னால போதாது. அடுத்த கட்டம் லோ பீம், கீழ்நோக்கி அடிக்கற ஹெட்லைட், அதுதான் வேணும். சில கார்ல கட்டங்களோட வரிசை மாறும், குமிழ்ல இருக்கற படத்தைப் பாருங்க. போட்டுட்டு ஒரு சுவர் பக்கம் ரிவர்ஸ்ல நிறுத்தி, கண்ணாடியில சிவப்பு தெரியுதான்னு பார்த்துக்குங்க.

பினாங்கு_பாலம்
ஹை பீம் போடாதீங்கன்னும் சொல்லிடுங்க. துளிகள்ல பட்டு வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுக்கே வரும், முன்னால வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிடும்.

பழைய_வீரா
இதுக்கெல்லாம் எதுக்குப் பாடம்? டபுள் சிக்னல் தட்டிவிட்டா பின்னால இருக்கறவனுக்குத் தெரியப் போகுது.

ஒயர்மேன்_பட்டர்வொர்த்
வேணாம். டபுள் சிக்னல் போட்டா நாலும் மின்னும். நீங்க லேன் மாத்தறதைக் காட்ட சிக்னல் இல்லாமப் போயிடும். நிக்கறீங்களா ஓடறீங்களான்னும் பின்னாலருந்து தெரியாது. எமர்ஜென்சி லேன்ல உண்மையாவே நின்னிருக்கற காரும் அப்படித்தான் மின்னிக்கிட்டிருக்கும்.

கிள்ளான்_கேபிள்
ஒரு விதிவிலக்கு. முன்னால ஜாம் ஆகி எல்லாரும் திடீர்னு நிக்கும்போது, வரிசையோட கடைசி கார் அஞ்சாறு தடவை மின்ன விடலாம். பின்னால இன்னொரு கார் வந்து நின்னதும் அணைச்சிடணும்.

பழைய_வீரா
சரி சரி. ஆனா ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் பல்பு போட்டுப் பாருங்க. மஞ்சள் மூட்டத்தைத் துளைக்கும். பிரான்ஸ்ல ஹெட்லைட் மஞ்சளாத்தான் இருக்கணும்னு சட்டமே இருந்துச்சு.

அம்பாங்_ஆசான்
இருந்துச்சு, 1993ல அதை எடுத்துட்டாங்க. மூட்டத்துளி பல மைக்ரான் பருமன். வெளிச்சத்தோட அலைநீளம் 0.4லேர்ந்து 0.7 மைக்ரான். அவ்வளவு பெரிய துளி எந்த நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். துளைக்கறதாவது!

பழைய_வீரா
கண்ணுக்குக் கூசலை, அது பொய்யா?

பினாங்கு_பாலம்
கூசாம இருக்கலாம், அதனால அதிக தூரம் தெரியும்னு ஆகாது. ஃபாக் லைட் உதவறதுக்குக் காரணம் நிறமில்ல, இடம். கீழே இருக்கு, அகலமா விரியுது, மேல் விளிம்பு தட்டையா வெட்டப்பட்டிருக்கு. அதனால ரோட்டுக் கோடு தெரியும், மேல இருக்கற துளிகள்ல அதிகம் படாது. ஹாலஜன் பல்புக்காக செஞ்ச கூட்டுல மலிவு எல்இடி போட்டா அந்த வெட்டு கலைஞ்சுபோகும். எதிர்ல வர்றவன் கண்ணுதான் போகும்.

ஒயர்மேன்_பட்டர்வொர்த்
நிறச் சண்டையை வேற இழையில வச்சுக்குங்க. செராஸ், உங்க கார்ல பின் ஃபாக் லைட் இருக்கான்னும் பாருங்க. பொத்தான்ல நேர்கோடுகளைக் குறுக்கே ஒரு நெளிகோடு வெட்டும், மீட்டர்ல ஆரஞ்சா வரும். முன் ஃபாக் லைட்டுக்கு சாய்வான கோடுகள், பச்சை. பின் ஃபாக் 150 கேண்டெலா (வெளிச்ச அளவு)வுக்குக் குறையாம எரியும், கிட்டத்தட்ட பிரேக் லைட் அளவு. அதனால 100 மீட்டர்கூட தெரியாத மூட்டத்துல மட்டும் போடுங்க. மணிக்கு 90 கிலோமீட்டர்ல போனா அந்தத் தூரம் நாலே செகண்ட். மூட்டம் கலைஞ்சதும் அணைக்கணும். இல்லைன்னா பின்னால வர்றவனுக்குக் கூசும், நீங்க பிரேக் போடறதும் அதுக்குள்ள மறைஞ்சிடும்.

பினாங்கு_பாலம்
இன்னொண்ணு. மழையில கண்ணாடி மங்கினா அதெல்லாம் மூட்டம் இல்ல. வைப்பர் ஒரு தடவை போட்டதும் தெளிஞ்சா வெளிப்பக்கம் படிஞ்ச ஈரம்: ஏர்கோண்ட் குளிரைக் குறைச்சு, காத்து கண்ணாடியில அடிக்காம திருப்புங்க. தெளியலைன்னா உள்பக்கம்: ஏர்கோண்டை அணைக்காம, வெளிக்காத்து உள்ளே வர்ற மாதிரி மாத்தி, கண்ணாடிக்கு அடிக்க விடுங்க.

செராஸ்_77
துணி போட்டு மூடினேன், லைட் வந்துடுச்சு. குமிழைத் திருப்பினேன், பின்னாலயும் சிவப்பு. ஒர்க்‌ஷாப்புக்கு வரலைன்னு சொல்லிட்டேன். நன்றிண்ணே.

கிள்ளான்_கேபிள்
பின் ஃபாக் பொத்தான் இருந்துச்சா?

பழைய_வீரா
ஆள் கிளம்பிட்டாரு போல. ஆசான், அந்த 1993 கணக்கை மஞ்சள் இழைக்கு வந்து சொல்லுங்க, அங்க பேசிக்கலாம்.