புதுப்பிப்பு: நட்டை இறுக்கினால் ஸ்கேட்போர்டு சக்கரம் நின்றுவிடுகிறது – சரியாகிவிட்டது

புதுச் சக்கரம் மாட்டியபின் நட்டை இறுக்கினால் சுற்றுவதில்லை, தளர்த்தினால் கடகடவென ஆடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"வாஷரை எண்ணிப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி. சக்கரத்துக்கு இரண்டு வேண்டும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நான் வெளியே மட்டும் போட்டிருந்தேன். உள்பக்கம் பேரிங்கின் மூடி ட்ரக்கில் (பலகைக்கு அடியில் ஆக்சிலைத் தாங்கும் உலோகப் பாகம்) உரசி, வட்டமாகக் கீறல்கூட விழுந்திருந்தது. நாலு சக்கரத்துக்கும் எட்டு வாஷரும் போட்டு, 13 மி.மீ. ஸ்பேனரால் இறுக்கி, கால் சுற்று பின்னால் திருப்பினேன். பிடித்து ஆட்டினால் நூலளவு அசைவு. தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

ஆனால் நாலாவது சக்கரம் மட்டும் அடம்பிடித்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சக்கரத்தை ஆக்சிலில் மாட்டி, உடம்பு எடையைப் போட்டு அழுத்தியதும் 'டக்'கென்று உள்ளே போனது. இதை யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று: பழைய நட்டு ஒன்று கையாலேயே சுற்றியது. உள்ளிருக்கும் நைலான் வளையம் தேய்ந்துபோனால் அது தானாகக் கழன்றுவிடும். அதை மட்டும் மாற்றிவிட்டேன்.