தெரியாத வரலாறு சொல்ற வீடியோ சேனல்கள்: பார்த்தப்புறம் என்ன நடந்துச்சு, சொல்லுங்க

மன்னர், புதையல், மர்மக் குகை, கோயிலுக்குள்ள யாரும் பார்க்காத ரகசியம்னு தம்ப்நெயில் வந்தாலே நான் தள்ளி விட்டுடுவேன். சாதாரண ஜனங்க எதைச் சாப்பிட்டாங்க, எதைப் படிச்சாங்க, பிழைக்க எந்த ஊருக்குப் போனாங்க, எனக்கு அதான் வேணும். அப்படிப் பார்த்தா தமிழ் மரபு அறக்கட்டளையோட 'மண்ணின் குரல்' வீடியோக்கள் ரொம்ப நல்லா இருக்கு, ஊர் ஊரா போய் அங்க இருக்கறவங்களையே பேச விடுறாங்க. அப்புறம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல நடக்கற உரைகள். எடிட்டிங், பேக்ரவுண்ட் மியூசிக்னு ஒண்ணும் இருக்காது, ஒருத்தர் நின்னு ஒரு மணி நேரம் பேசுவார். ஆனா பழைய பத்திரிகை, நோட்டீஸ், அச்சகம்னு அவ்ளோ விஷயம் இருக்கும். சமைக்கும்போது காதுல போட்டுக்கலாம்.

இப்ப என் கதை. நாங்க இருக்கறது பெங்களூர் அல்சூர்ல. எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, கர்நாடகாவுல தங்கச் சுரங்கம் இருந்த கோலார் தங்கவயல்ல (கேஜிஎஃப்), சாம்பியன் ரீஃப்ங்கிற சுரங்கப் பகுதியில பொறந்து வளந்தவங்க. ஒரு ஞாயித்துக்கிழமை டிவில கேஜிஎஃப் பத்தி யாரோ ஒரு பையன் போட்ட வீடியோ ஓடிட்டு இருந்துச்சு. 1880ல ஜான் டெய்லர்ங்கிற வெள்ளைக்கார கம்பெனி சுரங்கம் நடத்த வந்தது, 1902ல சிவனசமுத்திரத்துல இருந்து கரண்ட் வந்தது, 2001ல சுரங்கத்தை மூடினது, எல்லாம் சரியாத்தான் சொன்னான். அத்தை பீன்ஸ் நறுக்கிட்டே பார்த்துட்டு இருந்தவங்க திடீர்னு "அந்த வெள்ளைக்காரன் பங்களாவையே எத்தன தடவ காட்டுவான், நாங்க இருந்த லைனைக் காட்டச் சொல்லு"ன்னாங்க. லைன்னா தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடு. அவ்ளோதான், அதுக்கப்புறம் டிவிய யாரும் பார்க்கல. பூமிக்கு அடியில பாறை வெடிச்சா அதை ஏர் பிளாஸ்ட்னு சொல்வாங்களாம், அலமாரில பாத்திரம் ஆடுமாம், உடனே பொம்பளைங்க எல்லாம் வெளிய வந்து எந்த ஷாஃப்ட், யாரு ஷிஃப்ட்னு கேப்பாங்களாம். வீட்டுக்காரருக்கே இது புதுசு, சத்தமில்லாம போன்ல ரெக்கார்ட் போட்டுட்டார்.

அதுக்கப்புறம்தான் தங்கவயல்னு தேடித் தேடிக் கேக்க ஆரம்பிச்சேன். பௌத்தம் பேசின சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907ல சென்னையில தொடங்கின 'தமிழன்' பத்திரிகைய அவர் காலத்துக்கு அப்புறம் ஜி. அப்பாதுரையார் தங்கவயல்ல இருந்துதான் நடத்தியிருக்கார். அங்கேயே மாரிகுப்பத்துல பௌத்த சங்கம் இருந்திருக்கு. சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை செஞ்சவங்க மேல வந்து பத்திரிகை படிச்சிருக்காங்க, சங்கம் நடத்தியிருக்காங்க! தங்கம் எத்தனை டன் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்ற வீடியோல இது எங்க வரும்?

-----

அக்கா, நானும் பெங்களூர்தான், வேலை இந்திரா நகர் பக்கம். டொம்லூர் சொக்கநாதர் கோயில் வாசல் வழியா டெய்லி பைக்ல போவேன், உள்ள 13ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னே தெரியாது. மிதிக் சொசைட்டின்னு பெங்களூர்ல வரலாறு ஆராயற ஒரு பழைய அமைப்பு, அவங்க பெங்களூர் கல்வெட்டை எல்லாம் 3டி ஸ்கேன் பண்றதைப் பத்தின வீடியோ பார்த்துத்தான் தெரிஞ்சுது. ஹெப்பால்ல கிட்டய்யாங்கிற வீரனோட கல்லு, பேகூர்ல பெங்களூர்ங்கிற பேரு வர்ற வீரக்கல்லு, ரெண்டும் கன்னடம். டொம்லூர்ல தமிழ். அவங்க எந்த மொழின்னு பார்த்து ஒதுக்கறதில்ல, அது எனக்குப் பிடிச்சுது. என் டீம்ல இருக்கற கன்னடப் பையனையும் கூட்டிட்டுப் போனேன். அவன் "ஓதுரி, ஓதுரி" (படிங்க, படிங்க)ன்றான், நான் ரெண்டு எழுத்துக்கு மேல தாண்டல. கல்வெட்டு தமிழ் நம்ம எழுத்து மாதிரியா இருக்கு! வீட்டுக்கு வந்து 3டி மாடலைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தை மாத்தி மாத்திப் பார்த்தோம். நேர்ல கண்ணுக்குப் படாத கீறல் கூட அதுல தெரியுது.

டொம்லூர்லயே பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர்னு ஒண்ணு இருக்கு, அங்க நடக்கற பேச்செல்லாம் யூடியூப்ல போடுறாங்க. இங்கிலீஷ்தான் ஜாஸ்தி.

-----

தம்பி, டொம்லூர் சொன்னீங்க சரி, பெங்களூர் கரகத் திருவிழாவை விட்டுட்டீங்களே. நான் சிவாஜி நகர் ஆளு, சின்ன வயசுல இருந்து சைத்ர மாசத்துப் பௌர்ணமி ராத்திரி கண்ணு முழிச்சுப் பார்த்தவன். ஆனா தர்மராயர் கோயில்ல இருந்து கிளம்பற கரகம் ஏன் மஸ்தான் தர்காவுக்குள்ள போகுது, திகளர் ஜனங்க யாரு, திரௌபதியை ஏன் கும்பிடுறாங்க, ஒண்ணும் கேட்டதில்ல. ஒரு வீடியோல திகளர் பெரியவர் ஒருத்தர் பேசினதைக் கேட்டப்புறம்தான் எங்க செஞ்சி பக்கத்து பாரதக் கூத்தும் தீமிதியும் ஞாபகம் வந்து, அட இது நம்ம திரௌபதி அம்மன்தானேன்னு தோணுச்சு. ட்ரோன் ஷாட் போட்டு பக்திப் பாட்டு ஓட்டற கரகம் வீடியோ நூறு கிடக்கு, அதெல்லாம் வேண்டாம். கரகத்துக்குக் காவலா வர்ற வீரகுமாரர்கள் கத்தியோட சுத்தி வர்றது ஏன்னு அவங்களையே கேட்டுப் போடறவன் யாராச்சும் இருந்தா லிங்க் குடுங்க.

தங்கவயல் கதை சொன்ன அம்மாவுக்கு ஒண்ணு. பரி (PARI)ன்னு கிராமத்து ஜனங்க வாழ்க்கையைப் பதிவு பண்ற இணையதளம் இருக்கு பாருங்க, பத்திரிகையாளர் சாய்நாத் 2014ல ஆரம்பிச்சது, அதுல மராட்டிப் பொம்பளைங்க திரிகை அரைச்சுக்கிட்டே பாடற பாட்டு ஒரு லட்சத்துக்கு மேல சேர்த்து வச்சிருக்காங்க, வீடியோவும் இருக்கு. மொழி புரியலன்னாலும் உங்க அத்தைக்குப் போட்டுக் காட்டுங்க, ரெக்கார்டரை முதல்லயே ஆன் பண்ணி வச்சிடுங்க.