படகுத்துறைத் தீ: உரிமையாளரின் பொறுப்பு 800 டாலரோடு முடிந்துவிடுமா?

கேள்வி:
1985 செப்டம்பரில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மிச்சிகன் சிட்டி படகுத்துறையில் கட்டப்பட்டிருந்த 'அல்டோரியன்' என்ற உல்லாசப் படகில், துணி துவைத்து உலர்த்தும் இயந்திரம் இருந்த பகுதியில் தீப்பிடித்தது. தீ பக்கத்துப் படகுகளுக்கும் துறைக்கும் பரவியதால் 2,75,000 டாலருக்கு மேல் இழப்பீடு கோரப்பட்டது. உரிமையாளரோ, எரிந்தபின் படகின் மதிப்பு 800 டாலர் மட்டுமே, அதற்கு மேல் தாம் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் சென்றார். உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது என்கிறார்கள், உண்மையா?

பதில் 1:
முழு உண்மை அல்ல. இந்த வழக்கைக் கடல்சார் வழக்காக விசாரிக்க மத்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையே 1990-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 800 டாலர் போதும் என்று அது சொல்லவில்லை. பயணம் முடிந்த நேரத்துக் கப்பலின் மதிப்போடும் வரவேண்டிய சரக்குக் கட்டணத்தோடும் உரிமையாளரின் பொறுப்பை நிறுத்துவது 1851-ஆம் ஆண்டுச் சட்டம். அவருக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை அந்த மதிப்பில் சேராது என்பது 1886 முதல் நிலைத்துவிட்ட தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களை மிகவும் வருத்துவது இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் பக்கத்துப் படகுக்காரருக்கு வழியே இல்லையா?

பதில் 2:
உண்டு. தீக்குக் காரணமான கவனக்குறைவு எது என்பதை முதலில் இழப்பீடு கோருபவர் நிரூபிக்க வேண்டும். அதன்பின், அந்தக் குறை தமக்குத் தெரியாது, அதில் தமக்குப் பங்கில்லை என்று காட்டும் சுமை உரிமையாளருடையது. பழுதான இயந்திரத்தையோ மின்கம்பியையோ அறிந்தே விட்டுவைத்தவருக்கு அந்த வரம்பு கிடைக்காது. ஆகவே தீயின் காரணத்தை ஆராயும் நிபுணர் பார்வையிடும் முன் எரிந்த மிச்சத்தை அகற்ற விடாதீர்கள். நீதிமன்றம் குறிக்கும் நாளுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்யத் தவறினால் உரிமையே போய்விடக்கூடும். மேலும், இந்த வரம்பு கப்பல் உரிமையாளருக்குரியது. இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு அந்தக் காப்பு இல்லை. உங்கள் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தந்துவிட்டால், உங்கள் இடத்தில் நின்று இயந்திரத் தயாரிப்பாளர் மீது அது வழக்குத் தொடுக்கலாம்.

பதில் 3:
எரிபொருள் கசிந்தால் அதை அகற்றும் செலவு வேறு கணக்கு. அது 1990-ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டத்தின் கீழ் வருவதால், 1851 சட்டத்தைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

2019-இல் கலிபோர்னியாவில் 34 பேர் மாண்ட 'கன்செப்ஷன்' படகுத் தீக்குப் பின் சில நாள்களிலேயே அதன் உரிமையாளர்கள் இதே 1851 சட்டத்தை நாடினார்கள். எழுந்த எதிர்ப்பால் 2022 இறுதியில் சிறிய பயணிகள் படகுகளுக்கு இந்த வரம்பு நீக்கப்பட்டது. ஆனால் பயணிகளை ஏற்றாத சொந்த உல்லாசப் படகுகளுக்கு அது இன்றும் உண்டு.